கலங்கல் தண்ணீரில் ஒரு கதவு

கயிற்றை விட்டால் கடலுக்குத்தான் போகவேண்டும். மரியலூர்து நங்கூரக் கயிற்றை இறுகப் பற்றி, கைமேல் கை வைத்துக் கீழே இறங்கினான். ஆற்று இழுப்பு அவனைப் பிய்த்தெறியப் பார்த்தது.

தூத்துக்குடியில் முத்துக் குளித்தவன். அங்கே அடிமணலில் கிடக்கும் சிப்பி மேலிருந்தே தெரியும். கடலூர் முகத்துவாரத்தில் தன் கையே தெரியவில்லை. சிதம்பரத்தில் ஒரு புரொபசரைக் கெஞ்சி வாங்கிய காற்று சிலிண்டர் முதுகில் இருந்து என்ன பயன்? நேற்று பழைய கடல் கணக்கில் இடுப்பில் ஈய எடை கட்டி இறங்கிச் சேற்றில் முகம் குத்தி விழுந்தான். உப்புத்தண்ணீர் மாதிரி ஆற்றுத்தண்ணீர் ஆளைத் தாங்காது. இன்று ஈயத்தைக் குறைத்திருந்தான். கண்ணைத் திறந்தால் தலை சுற்றியது, மூடிக்கொண்டான். இனி விரல்தான் கண்.

கீழே கிடப்பது முதலாளி பூவராகனின் மீன்பிடி லாஞ்சு. போன புயலில் அதோடு மூழ்கிப் போனவன் அண்ணன் தைரியராஜ். "குடிச்சிட்டு கேபின்ல தூங்கிட்டான்" என்று பூவராகன் முதுநகர் முழுக்கச் சொன்னார். அண்ணன் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. பொய் சொன்னவன்தான் கொன்றவன். இடுப்பிலிருந்த கத்தி அவருக்காகவே தீட்டியது.

"செத்தவன் திரும்பியா வரப்போறான்? உட்டுடு மச்சான்" என்று இறங்குமுன் படகில் சொல்லிப் பார்த்தான் சவரிநாதன். அக்கா புருஷன். அண்ணன் பார்த்த வேலை, பூவராகனின் புது லாஞ்சில் இப்போது அவனுக்கு.

"அந்தாளு கொடலை உருவாம உடமாட்டேன், மாமா."

"சரி, இடுப்பக் காட்டு, கயிறு கட்டுறேன். நாம்போட்ட முடிச்ச எமனே வந்தாலும் அவுக்க முடியாது."

வலை இழுக்கும் வின்ச்சில் ஆள்காட்டி விரலைப் பறிகொடுத்த கை அது. அதனால் அவன் முடிச்சு இடப்பக்கம் திரும்பும். நுனி இரண்டு தரம் உள்ளே போகும். துறைமுகமே அதைக் கேலி செய்யும்.

இதோ, கேபின் கதவு. இழுத்தான். அசையவில்லை. தடவினான். கைப்பிடியிலிருந்து பக்கத்துக் கம்பிக்குக் கயிறு. வெளியிலிருந்து!

அண்ணன் தூங்கவில்லை. அடைத்திருக்கிறார்கள். 'பூவராகா, மாட்டினாயடா!' என்று பல்லைக் கடித்தான். கயிற்றை அறுத்து மேலே கொண்டுபோய் அவர் முகத்தில் எறியவேண்டும்.

முடிச்சின்மேல் விரல் ஓடியது. ஓடிய விரல் நின்றது. மறுபடி தடவினான். மறு கை மெல்லத் தன் இடுப்புக்குப் போனது.

மேலிருந்து இடுப்புக் கயிறு சுண்டியது. "வா" என்கிறான் சவரிநாதன்.

மரியலூர்து கத்தியை உருவிக்கொண்டு பதிலுக்குச் சுண்டினான்: தூக்கு.

கதவிலும் இடுப்பிலும் ஒரே முடிச்சு.