ஓராண்டு நீட்டிப்பு

மௌலா அலி கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன் நான். முந்தின வெள்ளத்தில் கயிறு கட்டிப் பதினோரு பேரை இழுத்துப் போட்டதற்காக, அரசாங்கத்துப் பேரிடர் ஆலோசனைக் குழுவில் என்னையும் ஒரு உறுப்பினராகச் சேர்த்தார்கள். இரண்டு வருஷப் பதவி. நாங்கள் குடியிருக்கிற குடிசைப் பகுதியான பஸ்தியில் மழைத்தண்ணி ஓடுகிற நாலாவின் சுவர் விரிசல் விட்டுச் சாய்ந்து நின்றது. அதை இடித்துக் கட்டவேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். அறிக்கையில் முதலாவதாக அதைத்தான் எழுதினார்கள்.

சுவரை ஒட்டின வீடு சபீனாவுடையது. எங்கே பார்த்தாலும் சுவர் எப்போது என்று கேட்பாள். மே மாசம் குழு முடிந்து அறிக்கை போய்விடும், மழைக்கு முன்னால் வேலை நடக்கும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஏப்ரல் கூட்டத்தில் ஒரு தாள் சுற்றி வந்தது. குழுவின் காலத்தை ஒரு வருஷம் நீட்டிக்க எங்கள் சம்மதம் கேட்டு, தெலுங்கில் இரண்டு பக்கம். நாற்பத்தாறு வயசில் தமிழ் எழுத்து படித்து, அப்புறம் பிழைக்க வந்த இந்த ஊரில் கடைப்பலகை பார்த்துத் தெலுங்கு பிடித்தவன் நான். விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு இன்ஜினியர் வெங்கடகிருஷ்ணன் சார் குனிந்து, "நிதானமாப் படிச்சிட்டுப் போடுங்க" என்றார். இருபது பேர் என் விரலைப் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் பேசலாம், நல்லதுதானே என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளம் பட்டவனே போட்டுவிட்டான், நமக்கென்ன என்று மற்றவர்களும் போட்டார்கள். சார் மட்டும் போடவில்லை.

காலம் முடிகிறபோதுதான் அறிக்கை கொடுக்கப்படும் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்ததாம். அறிக்கை அடுத்த மே மாசத்துக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் மழையில் சுவர் சபீனா வீட்டின்மேல் விழுந்தது. சபீனாவின் புருஷன் முகமது யூசுப், என்னோடு மூட்டை தூக்கினவன், இடுப்பெலும்பு உடைந்து கிடக்கிறான். இனி பாரம் தூக்கவே கூடாதாம்.

அல்வாலில் அவள் தங்கச்சி வீட்டில் இருந்தார்கள். போய் உட்கார்ந்து, தாள் வந்தது, படிக்காமல் போட்டது எல்லாவற்றையும் சொன்னேன். யூசுப் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சபீனா டீயை என் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்து நல்லா வந்துச்சா அண்ணே?" என்றாள்.

ஹவ், ஆமாம் என்று தலையாட்டினேன். நல்லாத்தான் வந்திருந்தது.