லாக்கு போட்டாச்சா?

காரைத் திருப்பும்போதெல்லாம் முன்சக்கரத்தில் டக் டக்கென்று சத்தம் வரும். நேராகப் போனால் வராது. இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டின் நுனியில் மணிக்கட்டு மாதிரி ஒரு ஜாயின்ட் இருக்கிறது. அதற்குள் எஃகுக் குண்டுகள். அவை உருளும் தடம் தேய்ந்துபோனால், சக்கரம் திரும்பும்போது குண்டுகள் பள்ளத்தில் விழுந்து எழும். அந்தச் சத்தம்தான் அது.

"தெருமுனையில நீங்க திரும்புறப்பவே அடுப்பைப் பத்த வச்சிருவேன்" என்று மனைவி சிரிப்பாள்.

அவள் இப்போது ஆஸ்பத்திரியில். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான். ஆம்புலன்ஸ் வேண்டாம், நம்ம வண்டியில், நம்ம வீட்டுக்கு. அவளை அழைத்துவரக் கிளம்பிய காலையில் பார்த்து டக் டக் சத்தம் கடகட சத்தமாக மாறியது. பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் புது ஜாயின்ட்டோடு வந்து சேர்ந்தார்.

தண்டை உருவி, பழைய ஜாயின்ட்டைத் தட்டிக் கழற்றினார்கள். புதியதற்குள் கணவன் விரல்நுனியால் கிரீஸ் தடவினான்.

"மாப்ளே, மூஞ்சிக்குப் பூசுற கிரீமா இது? அள்ளி அப்புங்க."

"உங்க தங்கச்சி மாதிரியே பேசுறீங்க மச்சான்."

இருவரும் சிரித்தார்கள். சட்டென்று நிறுத்தினார்கள்.

தண்டின் நுனியில் ஒரு மெல்லிய பள்ளம் உண்டு. அதில் மோதிரம் போல ஒரு கம்பி வளையம் உட்கார வேண்டும். ஜாயின்ட்டைத் தட்டி ஏற்றும்போது வளையம் சுருங்கி முரண்டு பிடிக்கும். பிறகு உள்ளே போய் டக்கென்று விரியும். அதன்பின் இழுத்தாலும் வராது. டிப்போவில் அதற்கு லாக்கு என்று பெயர்.

"அதை நீங்க மாட்டிருங்க" என்று வளையத்தைக் காட்டிவிட்டு, அண்ணன் சக்கரத்தின் அடியில் குனிந்துகொண்டார். அந்த நேரம் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டாள். நோயாளிக்கு மாற்றுத் துணி வேண்டுமாம், சீக்கிரம் வந்தால் நல்லதாம். அவன் உள்ளே ஓடித் துணியை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வந்தான்.

"லாக்கு போட்டாச்சா?"

"போட்டாச்சு மச்சான்."

அண்ணன் தட்டினார். ஜாயின்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்படிப் போகக் கூடாது. முரண்டு பிடித்திருக்க வேண்டும். அவசரத்தில் அவர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

எல்லாம் மாட்டி, வண்டியை இறக்கி, கீழே விரித்திருந்த செய்தித்தாளைச் சுருட்டியபோது வளையம் உருண்டு விழுந்தது.

"மாப்ளே, இது என்ன?"

"அதுவா லாக்கு? நான் வீட்டு லாக்கைச் சொன்னேன்..."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மெதுவா ஓட்டினா தாங்காதா?" என்றான் அவன்.

"நேர் ரோட்டுல தாங்கும். ஒரு குழியில சக்கரம் இறங்கிச்சுன்னா தண்டு உருவிக்கும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பின்னாடி அவ படுத்திருப்பா, நாம நடு ரோட்டுல நிக்கணுமா?"

அவன் ஜாக்கியை எடுத்து வந்தான்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார்கள். இந்த முறை வளையத்தை அவனே மாட்டினான். அண்ணன் விரலால் தடவிப் பார்த்தார். ஜாயின்ட் முரண்டு பிடித்தது. கடைசி அடியில் டக்கென்று விழுந்தது. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

சக்கரத்தின் கடைசி நட்டை இறுக்கும்போது போன் அடித்தது. கிரீஸ் கையோடு எடுத்தான். கேட்டான். "சரிங்க" என்றான். போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டான்.

"உசிரு எப்போ போச்சு?"

"இப்பத்தானாம்."

அண்ணன் அந்த நட்டை இன்னொரு சுற்று இறுக்கினார். பிறகு வண்டியை அவரே எடுத்தார். அவன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

தெருமுனையில் வண்டி திரும்பியது. சத்தமே வரவில்லை.

"நல்லா உக்காந்துருச்சு" என்றார் அண்ணன்.