அவர் என்றால் யார்?

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமப்புள்ளி. தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட இரண்டு தசம இடம் வரை சொல்லும் ஆசாமி. அன்று காலை தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். மனிதர்கள் எதை மதிக்கிறார்கள் என்ற எங்கள் கணக்கெடுப்பில், ஆறுக்கு இத்தனை என்று மதிப்பெண். சுதந்திரத்துக்குக் கல்லூரி முடித்த பெண்கள் தந்தது நாலரை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத பெண்கள் ஒன்றரை.

"பாத்தியாம்மா? படிக்காதவங்களுக்குச் சுதந்திரமே வேண்டாம்!"

கையோடு பரிந்துரையும் எழுதிவிட்டார். தொழிற்பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிப் பெண்கள் விரும்பியதை எடுக்கலாம், மற்றவர்களுக்குத் தையல். நாலு மணிக்கு அறிக்கை மேலிடத்துக்குப் போக வேண்டும். கணக்குப் போட்டவள் என்று நானும் கையெழுத்திட வேண்டும்.

எங்கள் அலுவலக மாடியைப் பெருக்கும் அக்கா ஏழாவதோடு நின்றவர். லாரி ஓட்டப் பழக அதே திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். இவருக்கா சுதந்திரம் வேண்டாம்? கேள்வித்தாளை எடுத்துப் போய் அவரிடமே வாசித்தேன்.

"தன் முடிவைத் தானே எடுப்பது அவருக்கு முக்கியம். அவர் எந்த அளவு உங்களைப் போன்றவர்?"

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "அவரா? அவரு யாரைக் கேட்டு எதைச் செஞ்சாரு? வண்டிய வித்ததே பக்கத்து வீட்டுல சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. ஒண்ணு போட்டுக்கோங்கம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரீட்சை எழுதிப் பழகியவர்களுக்கு 'அவர்' என்றால் கேள்வித்தாளில் வரும் யாரோ. மற்றவர்களுக்கு வீட்டில் இருக்கும் அவர்தான் அவர். ஒரு பக்கம் பெண்களை அளந்திருக்கிறோம், இன்னொரு பக்கம் புருஷன்களை. இரண்டையும் ஒப்பிட்டு முடிவு வேறு சொல்லியாகிவிட்டது. இந்த லட்சணத்தில் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவளே நான்தான்.

போய்ச் சொன்னதும் தசமப்புள்ளி சீறினார். "ஒரு ஆளை வெச்சு ஆயிரத்து இருநூறு பேரைக் கவுக்கப் பாக்குறியா?"

"வீடு வீடாப் போய்க் கேள்வி கேட்டவங்களுக்கு இப்பத்தான் போன் பண்ணேன் சார். படிக்காத பொம்பளைங்கள்ல பாதிப் பேர் புருஷனைத் திட்டிக்கிட்டேதான் பதில் சொன்னாங்களாம்."

"அதை ஏன் எழுதல?"

"திட்டுறதுக்குக் கட்டம் இல்லையே சார்."

அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரரை விடுங்கம்மா. யாரோ ஒரு பொண்ணுன்னு வெச்சுக்கோங்க. தன் முடிவைத் தானே எடுக்கணும்னு நினைக்கிறா. அவ உங்கள மாதிரியா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நானேதான் சார் அது. ஆறு போடுங்க. என்னைக் கேக்க எதுக்கு இன்னொருத்திய இழுக்குறீங்க?"

தசமப்புள்ளி பரிந்துரையைத் திருத்துவதற்குப் பேனாவைத் திறந்தார். அந்தப் பக்கத்தையே அதற்குள் நான் கிழித்திருந்தேன்.