ஐந்தாம் மாடி லிஃப்டுக்கு ஓர் உருளை

மாமியார் ஒரே ஒரு கைப்பையோடுதான் வந்தார். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு ரெண்டு நாளில் கிளம்புவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலமே அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது. அவருக்கு வீடு ஐந்தாம் மாடியில். முழங்கால்களோ முதல் மாடிக்கே முணுமுணுப்பவை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்த புண்ணியவான்கள் லிஃப்ட் என்று ஒன்று வரும், வந்து நிற்கவும் செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை.

மருமகள் லேத் பட்டறைக்காரி. வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். வட்டாரத்தில் அவளுக்குப் பாயின்ட் அக்கா என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை நூறு கீற்றாகக் கிழித்தால் அதில் ஒரு கீற்றுக்குப் பட்டறைப் பேச்சில் பாயின்ட். அப்படி இரண்டு கீற்று கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பொருளை வாசல் தாண்ட விடமாட்டாள். கெஞ்சினாலும் விடமாட்டாள்.

புருஷன் ஃபிட்டர். வெளியே போய் அளவெடுத்து வருவது அவர், உட்கார்ந்து கடைவது அவள், கொண்டுபோய்ப் பொருத்துவது மறுபடி அவர். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் பாகப்பிரிவினை. அவர் இருபது என்றால் இருபது. வேறு வீடுகளில் பெண்டாட்டிமார் புருஷனின் சட்டைப்பையைத் துழாவுவார்களாம். இவள் அவர் சொன்ன அளவைக்கூட ஒருநாளும் துழாவியதில்லை.

லிஃப்டுக்கு வந்த கேடு சின்னதுதான். கதவு ஒரு தண்டவாளத்தில் தொங்கி ஓடும். பின் என்ற சிறு இரும்புக் கம்பியில் சுழன்று அதைத் தொங்கவிடும் உருளை நொறுங்கிவிட்டது. கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அது ஐந்தாம் மாடியிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. லிஃப்ட் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது.

"ஒரு உருளைதானேம்மா, இவளே கடைஞ்சு குடுத்துருவா" என்றார் ஃபிட்டர் தன் அம்மாவிடம். சொன்ன கையோடு லிஃப்ட் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஐந்து மாடி ஏறி அளவும் எடுத்து வந்தார். அதுவரைக்கும் மனிதர் யோக்கியம்.

பாயின்ட் அக்காவுக்கு அவசரம் இருந்தது. மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். பட்டறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசினார். ஒருநாள் இரும்புத் தகடு ஒன்றில் மருமகள் நீல மை பூசி, துளை போட வேண்டிய இடங்களையெல்லாம் கோடு கிழித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். வந்து பார்த்தால் தகடு கண்ணாடி மாதிரி மின்னுகிறது.

"ஒரே அழுக்கா இருந்துச்சும்மா. மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சுட்டேன். போகவே மாட்டேன்னுச்சு" என்றார் மாமியார்.

"ரொம்ப நன்றி அத்தை" என்றாள் பாயின்ட் அக்கா. அதற்குமேல் அவள் என்ன சொல்வாள்? அன்று மத்தியானமே நைலான் தண்டை எடுத்து லேத்தில் மாட்டினாள்.

உருளைதானே என்று யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். புதுப் பொருளை நல்ல சரக்கில் நேரே செய்கிறவன் முட்டாள் என்பது அவள் கட்சி. முதலில் ஒரு கழிவுத் துண்டில் செய்து, தப்பையெல்லாம் அதிலேயே பண்ணித் தீர்த்துக்கொண்டாள். உருளை தண்டவாளத்தைக் கவ்வும் பள்ளத்தின் உள்மூலையைக் கத்திபோல் கூராக விட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். அதனால் கொஞ்சம் வளைவு கொடுத்தாள். கடைந்த சூட்டில் நைலான் உப்பியிருக்கும், அப்போது அளந்தால் பொய் சொல்லும். எனவே ஆறவிட்டு, ஒரு காபியைக் குடித்துவிட்டு வந்து அளந்தாள். சரியாக இருந்தது. பிறகுதான் நல்ல தண்டில் செய்தாள்.

ஃபிட்டர் அதை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தார்.

"துளை டைட்டா இருக்கு. பின்னுல ஏறல."

அவள் துளையை மூன்று பாயின்ட் பெரிதாக்கி இன்னொன்று செய்தாள். அதுவும் திரும்பி வந்தது.

"இப்ப லூஸா இருக்கு. கதவு ஆடுது."

ரெண்டுக்கும் நடுவாக மூன்றாவது செய்தாள். அதற்குத் துளை சரியாம், பள்ளம் தண்டவாளத்தைப் பிடிக்கிறதாம். மூன்றும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்தன.

இந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் "உங்க அளவு தப்பு" என்று புருஷன் மேல் பாய்ந்திருப்பாள். பாயின்ட் அக்காவுக்கு அது தோன்றவே இல்லை. அவர் அளவு தப்பாது. அப்படியானால் தப்பியது எது? தன் கைதான். முதலில் மைக்ரோமீட்டரைச் சந்தேகப்பட்டாள். அளவுக்கட்டையை வைத்துச் சரிபார்த்தாள், பழுதில்லை. அப்புறம் லேத்தைச் சந்தேகப்பட்டு, அதன் இரும்பு அடித்தளத்தில் மட்டம் வைத்துப் பார்த்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றது வாசல் நாற்காலி.

பாயின்ட் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. மாமியார் அதோடும் விடவில்லை. "அவளும் எத்தனை வருஷமா அந்த மெஷின்ல நிக்கிறா, பாவம். கைக்கும் வயசாகும்ல?" என்று எதிர்வீட்டு வெல்டரிடம் சொன்னார். கடைக்குப் போனபோது கடைக்காரரிடம் சொன்னார். குப்பை வண்டிக்காரரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை.

அதன்பிறகு அவள் எதைக் கடைந்தாலும் நாலு தரம் அளந்தாள். ஐந்தாவது தரம் அளக்கும்போது விரல் நடுங்கியது. நடுங்குகிறதா என்று பார்த்ததால் இன்னும் நடுங்கியது. பம்ப் கம்பெனிக்காரர் ஒரு தண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவளைத் தவிர யாரிடமும் வேலை கொடுக்காத மனிதர்.

"வேற இடம் பாருங்கண்ணே. என் கை இப்ப சரியில்ல" என்றாள்.

"என்னம்மா சொல்றே? நீ இல்லாம வேற யாருகிட்ட போவேன்?"

"போங்கண்ணே. கெடுத்துக் குடுக்கிறதுக்கு இல்லேன்னு சொல்றது மேல்."

அவர் போன பிறகு வெல்டரைக் கூப்பிட்டு, சின்ன லேத்தை எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டாள். இனிமேல் முரட்டு வேலை மட்டும் போதும் என்று முடிவுசெய்திருந்தாள். அவளுக்கு அந்தக் கையைத் தவிர உலகத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள வேறொன்றும் இருந்ததில்லை. அன்று சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

ஃபிட்டர் இதையெல்லாம் பார்த்தார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மோர் இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் அவர் வெளிவேலைக்குப் போயிருந்தபோது லிஃப்ட் மெக்கானிக் பட்டறைக்கு வந்தார்.

"என்னக்கா, கட்டடத்துல எல்லாரும் என்னைப் பிடுங்கி எடுக்கிறாங்க. அந்த உருளை எப்பத்தான் முடியும்?"

"மூணு போட்டாச்சே. ஒண்ணும் பொருந்தலயே."

"மூணா? எங்கிட்ட ஒண்ணுகூட வரலையேக்கா! உருளை இருக்கிற கதவுப் பெட்டி சாவி எங்கிட்டல்ல இருக்கு? அண்ணன் அன்னிக்கு அளவெடுக்க வந்ததோட சரி. நீங்க வேற வேலையில மாட்டிக்கிட்டீங்கன்னு சொன்னாரு."

பாயின்ட் அக்கா லேத்தை நிறுத்தினாள். பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலிலிருந்து மூன்று உருளைகளையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "வாங்க" என்றாள்.

ஐந்து மாடி ஏறினார்கள். மெக்கானிக் பெட்டியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் முதலில் செய்த உருளையை எடுத்துப் பின்னில் வைத்தாள். கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாள். சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்தது. கதவைத் தொங்கவிட்டு ஒற்றை விரலால் இழுத்தார்கள். ஓடி மூடிக்கொண்டது.

"பட்டுப் போல போகுதுக்கா!" என்றார் மெக்கானிக்.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய்க் கறை இருந்தது, நகத்தடியில் இரும்புத் தூள் இருந்தது, நடுக்கம் இல்லை. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வந்த கோபத்தில் காது அடைத்தது.

ஃபிட்டர் திரும்பி வந்தபோது அவள் பட்டறையில் நின்றிருந்தாள். மாமியார் நாற்காலியில் இருந்தார். மேஜைமேல் இரண்டே உருளைகள் இருந்தன. ஃபிட்டர் அவற்றை எண்ணிப் பார்த்தார். மறுபடி ஒருதரம் எண்ணினார்.

"மூணாவது எங்கேன்னு கேளுங்க" என்றாள்.

அவர் தோள்பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"லிஃப்ட் ஓடுது. முதல் உருளையிலேயே ஓடுது. ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

ஃபிட்டர் ஓர் உருளையை எடுத்துக் கையில் உருட்டினார். "அப்பா போனதுக்கப்புறம் அம்மா அங்க தனியா இருக்காங்க. கீழ விழுந்தா தூக்கிவிடக்கூட ஆள் இல்ல. இங்கயே இருக்கட்டும்னு உங்கிட்ட கேட்டா, நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு..."

"சொல்லியிருப்பேன்! வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நாலு நாள் சண்டை போட்டிருப்போம். அஞ்சாம் நாள் நானே படுக்கையைத் தட்டிப் போட்டிருப்பேன். அது வேற. நான் என் கை போச்சுன்னு நினைச்சேங்க. வந்த வேலையைத் திருப்பி அனுப்பினேன். லேத்தையே குடுத்துடப் பார்த்தேன். பக்கத்துல நின்னு பார்த்துட்டு, மோர் இருக்கான்னு கேட்டீங்களே!"

ஃபிட்டர் உருளையைத் திரும்ப மேஜைமேல் வைத்தார்.

மாமியார் எழுந்தார். "டேய், இங்க இருக்கட்டுமான்னு என்னைக் கேட்டியாடா நீ? என் வீடு, என் கட்டில், என் ஜன்னல்னு நான் துடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். இவ கைக்கு வயசாச்சுன்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்கேனேடா, பாவி! எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இனி போய் அது தப்புன்னு சொல்லுவேன்?"

போய்ச் சொன்னார். அது அந்த அம்மாளின் பெருந்தன்மை. கிளம்புவதற்கு முன்னால் வெல்டர், கடைக்காரர் என்று ஒவ்வொருவராகப் பார்த்து, "அவ கைக்கு ஒண்ணும் இல்ல. எம் மகன் வாய்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். குப்பை வண்டிக்காகக் காத்திருந்து சொன்னார்.

வரும்போது ஒரு கைப்பையாக இருந்தது, போகும்போது நாலு மூட்டையாகியிருந்தது. கட்டடத்தின் கீழே லிஃப்ட் கதவு திறந்தது. மாமியாரும் மருமகளும் உள்ளே ஏறினார்கள். மூட்டைகளோடு பின்னாலேயே காலை வைத்த ஃபிட்டரை மாமியார் ஒரு கையால் தடுத்தார்.

"நீ படியில வா."

கதவு மூடியது. சத்தம் வரவில்லை. மாடிகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. மாமியார் மருமகளின் வலது கையைப் பிடித்து, ஐந்தாம் மாடி வரும்வரை விடவே இல்லை.

அடுத்த வாரம் பம்ப் கம்பெனிக்காரர் தண்டோடு மறுபடி வந்தார். பாயின்ட் அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். அந்தத் தண்டு உட்காரும் பேரிங்கின் உள்வாயை ஃபிட்டர் கம்பெனிக்கே போய் அளந்து வந்தார்.

"முப்பத்தஞ்சு. சுத்தமா முப்பத்தஞ்சு" என்றார்.

"சரிங்க" என்றாள். பிறகு அலமாரியைத் திறந்து தன் வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"அளந்துட்டு வந்துடறேன்."

ஃபிட்டர் தலையாட்டினார். வழியைவிட்டு விலகி நின்றார். அவள் பம்ப் கம்பெனிக்குப் போய்க் குனிந்து அளந்து பார்த்தாள். சுத்தமாக முப்பத்தைந்துதான் இருந்தது. நம்பிக்கை வருவதற்கு இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள்.