மப்ளர் வைத்துக் கட்டிய படகு

விமானியின் இருக்கைக்கு அடியில் ஒரு ரப்பர் படகு இருக்கும். விமானம் கடலில் விழுந்தால் கயிற்றை இழுக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து காற்று பாய்ந்து படகு விரியும். அந்தப் படகுகளை மடித்துக் கட்டுவதுதான் அவள் வேலை. பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. போர் தொடங்கியதிலிருந்து விமானிகள், "இது அக்கா கட்டினதுதானே?" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்களில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி, நெட்டை.

நெட்டை எதிரி விமானத்தைத் துரத்துவான், ஆனால் ஒரு தூறல் விழுந்தால் தும்ம ஆரம்பித்துவிடுவான். படகு மடிப்புக்குள் விதிப்படி உள்ளதைத் தவிர ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. இவளோ, பிள்ளை குளிரில் நடுங்குவானே என்று அவன் படகில் ஒரு கம்பளி மப்ளரைச் செருகிவிட்டாள். அக்காக்காரிகளின் புத்தி அப்படித்தான், யார் என்ன செய்ய?

அடுத்த நாளே அவன் விமானம் கடலில் விழுந்தது. மப்ளர் கயிற்றில் சிக்கியிருக்குமோ? அவன் இழுத்து இழுத்துப் பார்த்திருப்பானோ? எங்கே விழுந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை; கப்பல்கள் நான்கு நாள் தேடின. ஒரு துரும்பும் அகப்படவில்லை. கமாண்டர் தேடுதலை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை அவள் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மப்ளரா? என்னம்மா காரியம் பண்ணியிருக்கே?"

"அவனுக்குச் சளி பிடிச்சா லேசுல விடாது சார்."

திட்ட வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார். "சரி, அதே மாதிரி ஒண்ணு கட்டு. இழுத்துப் பாத்துடுவோம். இப்படியே மனசுல வெச்சுக் குமைஞ்சா பைத்தியம் பிடிச்சிரும்."

கண்ணைக் கட்டிவிட்டாலும் மடிக்கிற கைதான். அன்று இரண்டு தடவை தப்பு மடிப்பு விழுந்தது. இன்னொரு மப்ளரை அதே இடத்தில் வைத்துக் கட்டினாள். கயிற்றை இழுத்தாள். புஸ்ஸென்று படகு விரிந்து, பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டது.

"பாத்தியா? உன் மேல தப்பே இல்ல. போ, முகத்தைக் கழுவிட்டு ஒரு டீ குடி."

அப்பாடா என்றுதான் இருந்தது அவளுக்கு. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகுதான் உறைத்தது.

"சார், அப்போ அவன் படகும் விரிஞ்சிருக்கும்."

"விரிஞ்சிருக்கும்."

"ஏறி உக்காந்திருப்பான். தண்ணியும் பிஸ்கட்டும் நான்தான் வெச்சேன், ஒரு வாரத்துக்கு வரும்."

அவள் எழுந்து கமாண்டர் அறைக்கு ஓடினாள். கதவைத் தட்டவும் தோன்றவில்லை.

"தேடறத நிறுத்தாதீங்க சார். அவன் உயிரோட இருக்கான். யாராவது வருவாங்கன்னு பாத்துட்டு இருப்பான்."

கமாண்டர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். சுவரில் இருந்த பெரிய வரைபடத்தைக் காட்டினார்.

"எந்தப் பக்கம்னு சொல்லும்மா. இப்பவே விமானம் அனுப்பறேன்."

வரைபடம் முழுக்க நீலமாக இருந்தது. அவள் தூக்கிய விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.