மூன்றாவது பிடி

ஒரே இடத்தில் வாரக்கணக்கில் வழுக்கி விழுகிறவள் பாறையைச் சந்தேகிப்பாளா, பக்கத்தில் நிற்கிறவளைச் சந்தேகிப்பாளா? ஹேமலதா பக்கத்தில் நிற்கிற, கூடவே பாறை ஏற வருகிற தோழி முபஷ்ஷிராவைத்தான் சந்தேகித்தாள்.

மாதனூர்க் குன்றடியில் இருக்கிற அந்தப் பாறையின் பின்பக்கம் ஆடுகூட ஏறும். செங்குத்தான முன்பக்கத்தில் இதுவரை யாரும் ஏறியதில்லை. கயிறு கிடையாது, விழுந்தால் கீழே மெத்தை. அதுவும் ஷூவுக்குள் வைக்கிற ஃபோம் துண்டுகளை ரெக்சினில் திணித்து ஹேமலதாவே தைத்தது. முதலில் ஏறுகிறவர் பாறைக்குப் பெயர் வைக்கலாம் என்பது இந்த விளையாட்டின் வழக்கம். அந்தப் பெயர் அவளுக்கு வேண்டும். ஆம்பூர் கம்பெனியில் நாளெல்லாம் ஊரான் பெயர் போட்ட ஷூக்களுக்கு மெழுகு தேய்த்து மினுக்குகிறவள், தான் பெயர் வைத்தது என்று ஒன்றாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் தப்பா?

ஆளும் ரோஷக்காரி. பெங்களூரிலிருந்து ஏற வந்த ஒருவன் அவள் பக்கத்தில் நின்று "என்ன, தோல் நாத்தம்?" என்று மூக்கைச் சுளித்ததற்காக ஆடி மாதம் முழுக்க இந்தப் பக்கமே வராதவள்.

மார்கழியில் மழை விட்டு, காற்று குளிர்ந்து, பாறை நன்றாகக் காய்ந்திருந்தது. ஏறுவதற்கு இதைவிட நல்ல பருவம் இல்லை. ஆனாலும் விரல்நுனி மட்டுமே பதிகிற மூன்றாவது பிடிக்கு வந்தால் விரல் வழுக்கியது. முபஷ்ஷிராவுக்கு மட்டும் அங்கே வழுக்கவில்லை; அதற்கு மேலேதான் விழுந்தாள். அது எப்படி? ஹேமலதா ஏறப்போகும்போதெல்லாம் அவள் பின்பக்கமாக மேலே போய்க் குனிந்து அந்தப் பிடியைத் தேய்ப்பதும், எதையோ பைக்குள் ஒளிப்பதும் எதற்கு? அவள் அப்பாவுக்கு மேல்விஷாரத்தில் தோல் மெழுகும் எண்ணெயும் விற்கிற கடை இருப்பதும் நினைவுக்கு வந்தது. அப்புறம் ஹேமலதாவுக்குத் தூக்கம் எங்கே வரும்?

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். முதல் முயற்சியிலேயே விழுந்தாள். எழுந்த வேகத்தில் முபஷ்ஷிராவின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். டூத் பிரஷ், வெள்ளைத் துணி, சின்ன பாட்டில்.

"இன்னாடி இது? என்னை ஏற விடாம மெழுகு பூசுறியா? பேர் வைக்க அவ்ளோ ஆசையா உனக்கு?"

முபஷ்ஷிராவின் முகம் வெளுத்தது. பாட்டிலை எடுத்துத் திறந்தாள். ஸ்பிரிட் நெடி அடித்தது. துணியை நனைத்துக்கொண்டு மேலே போய்ப் பிடியைத் துடைத்து வந்து காட்டினாள். துணியில் பழுப்புக் கறை.

"இப்ப கையக் குடு."

ஹேமலதாவின் விரல்களை அழுத்தித் துடைத்தாள். அதே பழுப்பு. கையுறை போட்டால் மினுக்கு வராது என்று வெறுங்கையால் தேய்க்கிற மெழுகு, எத்தனை சோப்புப் போட்டும் ரேகைக்குள் தங்கியிருந்தது. அந்த வாசனையிலேயே கிடக்கிற ஹேமலதாவுக்கு அது தெரியவே இல்லை.

"நான் பூசல, ஹேமா. நீ பூசுனத நான் தொடச்சினு இருந்தேன்."

"ஏன் முபி சொல்லல?"

"அவன் நாத்தம்னு சொன்னதுக்கு ஒரு மாசம் வராம போய்ட்டியே. நானும் சொன்னா மறுபடியும் போய்டுவியோன்னு பயம்."

ஹேமலதாவுக்கு அவமானத்தில் காது எரிந்தது. மன்னிப்புக் கேட்காமலே பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏறு. வெளிச்சம் போய்டும்" என்றாள் முபஷ்ஷிரா.

ஏறினாள். மூன்றாவது பிடி இம்முறை விரலை விடவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, பிறகு உச்சி. கீழே முபஷ்ஷிரா, விழுந்தால் தாங்குவதற்காக இரண்டு கைகளையும் உயர்த்தியபடி கடைசிவரை நின்றாள்.

"முபி, நீயே பேர் வையேன்!"

"ஏறுனது நீ. நீயே வச்சுக்கோ."

முபஷ்ஷிரா மெத்தையை மடித்துப் பாறையில் சாய்த்து வைத்தாள். எப்போதும் ஹேமலதாவை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுகிறவள், அன்று அவள் இறங்கி வருவதற்குள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.