மூன்று ஏக்கரில் ஒரு ‘வா’

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரம் எங்கள் ஊர். இருசப்பனின் ஒரே மகள் தங்கமணி, விரும்பியவனைக் கட்டிக்கொண்டாள். “இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத” என்று இவர் கத்தினார். ரோஷக்காரி, வரவேயில்லை. இவர் பெண்டாட்டி ஆயம்மாள் செத்தபோது, அம்மா போய்விட்டாள் என்று மகளுக்குச் சொல்லி அனுப்பக்கூட வழியில்லை.

அப்புறம் ஒரு கோடையில் பயிர் பார்க்க வந்த விவசாய ஆபீசர், தங்கமணியோடு படித்தவராம், சொன்னார்: அவள் ஐதராபாத்தில் இருக்கிறாள். செயற்கைக்கோள் எடுக்கிற படத்தைப் பார்த்து, நாட்டில் எங்கே பயிர் செழிப்பு, எங்கே வாடல் என்று சொல்கிற உத்தியோகம்.

“போன் நம்பர் குடுங்க சார்.”

“குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கய்யா” என்று தலையைச் சொறிந்தார்.

“செரி, காஞ்ச நிலத்துல பச்சை இருந்தா அவளுக்குத் தெரியுங்களா?”

“பளிச்சுனு தெரியும். பெருசா இருக்கணும், மேகம் மறைக்கக் கூடாது.”

மறுநாளே இருசப்பன் தம் மூன்று ஏக்கரையும் உழுதார், சீக்கிரம் பச்சைகட்டுகிற தக்கைப்பூண்டு விதையை மடியில் கட்டிக்கொண்டார்.

“மன்னிச்சுடு கண்ணுன்னு எழுதலாமா மச்சான்?” என்று என்னைக் கேட்டார்.

“அதுக்குக் கச்சிராயபாளையம் வரைக்கும் நெலம் வேணும். இருக்கிறதுக்கு ‘வா’தான் வரும்.”

‘வா’வே விதைத்தார். கோமுகி அணையில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றியதில் அணையே வற்றிப்போய், மீன்கள் கரையேறி நடந்து போனதை நானே பார்த்தேன்.

எழுத்து முழங்கால் உயரம் வந்தபோது மலைமேல் மேகம் கூடியது. ஊரே கும்பிட்டது. இருசப்பன் மட்டும் வரப்பில் நின்று துண்டை வீசி, “அந்தாண்ட போ!” என்று விரட்டினார். மேகம் மிரண்டு சேலத்தில் போய்ப் பெய்தது. சேலத்துக்காரர்கள் இன்றுவரை ஒரு நன்றி சொன்னதில்லை.

“வயிறு காஞ்சு கெடக்கிறோம், மழையைத் தொரத்திக்கினு நிக்கிறியே, நீ மனுசனா?” என்று பக்கத்து நிலத்து ராணியம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

“ஒரே ஒரு வெயில் குடு தாயி. எம்பொண்ணு பாத்துடட்டும்.”

மத்தியானமே மேகம் திரும்பி வந்தது, சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு. ஒரு வாரம் விடாத மழை. வரப்பு, வாய்க்கால், பாறை இடுக்கு என்று எல்லாம் பச்சை. இருசப்பன் நனைந்துகொண்டே எழுத்தைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்கினார். பிடுங்கப் பிடுங்க அவர் முதுகுக்குப் பின்னால் முளைத்துக்கொண்டே வந்தது. ‘வா’ எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

மழை விட்டதும் ஆபீசர் வந்து செல்போனைக் காட்டினார். ஐதராபாத்திலிருந்து வந்த பயிர் அறிக்கை. எங்கள் வட்டாரத்தின் பேருக்கு எதிரே ஒரே வார்த்தை: ‘நன்று.’

இருசப்பன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஈரக்கையால் மெல்லத் தடவினார்.

“நல்லா இருக்காளாம் மச்சான்” என்றார்.



இருசப்பன் சாகிறவரைக்கும் கூலிக்காரர். அவர் பேரில் ஒரு சென்ட் நிலமும் இருந்ததில்லை; அந்த மூன்று ஏக்கரும் இந்தக் கதையில் நான் அவருக்கு எழுதிவைத்தது.